காரணஞ்சொல்லியின் அடிவயிறு

உலகத்தில் நோயாளிகள் என்று ஓர் இனம் உண்டு, வைத்தியர்கள் என்று ஓர் இனம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில், சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல், யாரும் கேட்காமலே உழைத்துக்கொண்டிருக்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அவர்களைக் காரணஞ்சொல்லிகள் என்று அழைப்போம். மருந்து தரமாட்டார்கள். கையைப் பிடித்து நாடி பார்க்கமாட்டார்கள். உங்களுக்கு அது ஏன் வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் பார்க்காதவர்களா என்ன? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் ஒரு தும்மல் போட்டதும், "நேத்து தலைக்குக் குளிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பவர் அவர்தான். குளித்தேன் என்றால் "அதான்!" என்பார். குளிக்கவில்லை என்றாலும் "அதான்!" என்பார். செத்த வீட்டுக்கு வந்தால் மாலையைப் போட்டு, எண்பத்தேழு வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த கிழவரை ஏற இறங்கப் பார்த்து, "போன பொங்கலுக்கு நான் பாக்கும்போது ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு" என்று சொல்லி, தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விடுவார். எண்பத்தேழு வயது அவருக்குக் காரணமே இல்லை. வயதானதால் செத்தார் என்று சொல்ல எந்த முட்டாளாலும் முடியுமே, அதற்கு இவர் எதற்கு?

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'தெரியாது' என்ற சொல் அவர்கள் வாயில் வராது. வராது என்றால், கழுத்தைப் பிடித்து நெரித்தாலும் வராது. இந்த ஒரு சொல் வராததால்தான், நம் கதாநாயகன் ஒரே நாளில் தன் மனைவியைக் கர்ப்பிணியாக்கினார். அவசரப்பட்டு வேறு எதையும் நினைக்காதீர்கள். அந்த அம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு.

கதாநாயகன் பெயர் முத்துலிங்கம், ஐம்பதைத் தாண்டியவர். இலங்கை மலையகத்தில், றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற தகரக் கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்று தடவை லொறி ஒவ்வொரு மடுவமாகப் போய்க் கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குத் திரும்ப வேண்டும். சாக்கு ஏற்றுவது சின்னராசாவின் வேலை. அவர் முத்துலிங்கத்துக்கு இரண்டு வயது இளையவர், பேசுவது குறைவு. முத்துலிங்கத்தோடு பதினொரு வருடம் ஒரே லொறியில் போனால் யாருக்குத்தான் பேச இடம் கிடைக்கும்?

சின்னராசா சாக்கு ஏற்றுகிற அந்தப் பதினைந்து நிமிடம்தான் முத்துலிங்கத்தின் 'கிளினிக்'. லொறியின் மட்காட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்து, சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி நிற்பார். நிறுவைக்கு வரிசையில் நிற்கிற பெண்களில் யாராவது முகத்தைச் சுளித்தால் போதும்.

"என்னா புள்ள, எங்க வலிக்குது?"

"அடிவயித்துலங்க அண்ணே. ஒண்ணுக்கும் அடிக்கடி வர்ற மாதிரியே இருக்கு."

அடிவயிறு அவருக்கு மிகவும் பிடித்த இடம். தலைவலி என்றால் அவரிடம் மூன்று காரணம்தான் இருக்கும். முதுகுவலிக்கு ஐந்து. அடிவயிற்று வலியோடு அடிக்கடி சிறுநீரும் சேர்ந்துவிட்டால், இடது கண்ணை மூடி, வலது கண்ணை வானத்தில் நட்டு, பதினாறு காரணம் சொல்லுவார். உடம்புச் சூடு. அது இல்லாவிட்டால் உடம்புக் குளிர். ஈரப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியது, சீமெந்துப் படியில் உட்கார்ந்தது, அன்னாசி தின்றது, அன்னாசி தின்னாமல் விட்டது, வாயு, கிட்னியில் கல்லு, உடம்பில் சீனி, கண்ணூறு, இடுப்பில் செருகி வைத்த போன். போன் வைத்திருக்காத பெண்ணாக இருந்தால், பக்கத்து நிரையில் நிற்கிறவளின் போன்.

ஒருநாள் அம்மாக்கண்ணு வரிசையிலிருந்து கையை உயர்த்தினாள். முப்பது வருடமாகக் கொழுந்தெடுக்கிறவள். தோட்டத்தில் எந்தச் செய்தியும் ஆபீஸ் நோட்டீஸ் பலகைக்குப் போவதற்கு முன் அவள் வாய்க்குப் போய்விடும்.

"அண்ணே, நான் ஒரு காரணம் சொல்லட்டா? மலையில எங்களுக்கு ஒதுங்க ஒரு எடமில்ல. கீழ லயத்து வீட்டுக்குப் போயிட்டு வர்றதுனா முக்கா மணித்தியாலம். அதுக்குப் பயந்துக்கிட்டு காலையில இருந்து பச்சத்தண்ணி வாயில படாம நிக்கிறோம். வந்தாலும் அடக்கிக்கிறோம். அதனாலயா இருக்குமோ?"

முத்துலிங்கம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒரு காரணமா அம்மாக்கண்ணு? நீ கொழுந்த நிறு."

பதினாறு காரணம் தெரிந்தவருக்குப் பதினேழாவதைக் கேட்க எங்கே நேரம் இருக்கிறது?

இப்படி ஊரார் அடிவயிற்றையெல்லாம் ஆண்டுகொண்டிருந்த முத்துலிங்கத்துக்கு, ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாம் மடுவத்துக்கும் மூன்றாம் மடுவத்துக்கும் நடுவில், தன் அடிவயிற்றில் யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. கூடவே சிறுநீரும் முட்டியது. ரோட்டு வளைவில் ஒரு டர்பன்டைன் மரம் நின்றது. லொறியை நிறுத்தி, இறங்கி, போய், வந்தார். வந்தது நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. லொறியில் ஏறி இரண்டாவது கியர் போடுவதற்குள் மறுபடியும் முட்டியது.

அன்று அந்த மரத்தடியில் லொறி நாலு தடவை நின்றது.

"என்னாண்ணே, மரத்த வெலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று சின்னராசா கேட்டார். அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"எஞ்சின் சூடாகுது. ஆற விடணும்" என்றார் முத்துலிங்கம்.

எஞ்சின் ஆறியது. முத்துலிங்கம் ஆறவில்லை. வேறொருவருக்கென்றால் பதினாறு காரணத்தில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார். தனக்கு வந்தபோதுதான் பதினாறும் ஒரே நேரத்தில் வரிசையாக வந்து நின்று பயமுறுத்தின. கல்லாக இருக்குமோ? சீனியாக இருக்குமோ? இன்னும் பெயர் சொல்ல விரும்பாத ஏதாவதாக இருக்குமோ? அவருக்குப் பயமாக இருந்தது. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், வலியைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. நாளைக்கு மடுவத்தில் இது தெரிந்தால் என்ன ஆகும்? ஊருக்கே காரணம் சொன்ன முத்துலிங்கத்துக்கு அவர் அடிவயிறே அடங்கவில்லையாம் என்று சிரிக்கமாட்டார்களா? அப்புறம் எந்தப் பெண் அவரிடம் முகத்தைச் சுளிப்பாள்?

ஆகவே இரகசியமாகத் தன்னைத் தானே குணப்படுத்தத் தொடங்கினார். சீட்டுச் சூடுதான் காரணம் என்று தீர்மானித்து, செவ்வாய்க்கிழமை ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து லொறி ஓட்டினார். பதினொரு மணிக்கு, ஈரந்தான் காரணம் என்று தோன்றியது. சாக்கை எறிந்துவிட்டு எஞ்சின் சூடு வருகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். மத்தியானம் அவருக்கு ஒரு பேருண்மை விளங்கியது. அது டிரைவர் மூளைக்கு மட்டும் விளங்கக்கூடிய உண்மை. டாங்கியில் ஊற்றினால்தானே ஒழுகும்? ஊற்றாவிட்டால்? அந்த நிமிடத்திலிருந்து தண்ணீரை நிறுத்தினார். தேத்தண்ணியையும் நிறுத்தினார். தேயிலை விளைகிற மலையில் ஒருவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னது, அநேகமாக அன்றுதான் முதல் தடவை. எரிச்சல் இரண்டு மடங்கானது.

புதன்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் குடும்பநல மிஸ் வருகிற நாள். தனுஜா என்று பெயர். கர்ப்பிணிகளின் கார்ட்டைப் பார்த்து, பிள்ளைகளை நிறுத்துவிட்டுப் போவார். டிஸ்பென்சரி வாசலில் லொறியை நிறுத்திய முத்துலிங்கம், யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"மிஸ், அடிவயித்துல வலிங்க. ஒண்ணுக்கும் அடிக்கடி போகுது. ஒரு நல்ல மாத்திரையாப் பாத்துக் குடுங்க."

மிஸ் தலையை உயர்த்தினார். "யாருக்கு?"

அப்போதுதான் ஜன்னலுக்கு உட்பக்கத்து வாங்குப் பலகையில், பிள்ளைத்தாய்ச்சி மருமகளோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணுவை முத்துலிங்கம் கண்டார். ஒரு வினாடி. ஒரே ஒரு வினாடிதான்.

"எங்க வீட்டுல... காளியாயிக்குங்க மிஸ்."

"வயசு எத்தன?"

"நாப்பத்தெட்டு."

"மாசம் தள்ளிப் போயிருக்கா?"

இங்கேதான் விதி காத்திருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடமான எந்த ஆம்பிளையும் இந்த இடத்தில், "தெரியாதுங்க மிஸ், கேட்டுச் சொல்றேன்" என்பான். முத்துலிங்கமும் முயன்றார். வாயைத் திறந்தார். 'தெ' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"தெ... தள்ளித்தாங்க போயிருக்கு."

"எத்தன மாசம்?"

"ஒரு மூணு இருக்கும்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முதல்ல டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இந்த வயசுல ரொம்ப கவனமா இருக்கணும். மாத்திர ஒண்ணும் நான் இப்படிக் குடுக்க ஏலாது."

அம்மாக்கண்ணு எழுந்தாள். மருமகளைக்கூட மறந்துவிட்டு, படங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முப்பது வருடத்தில் கொழுந்துக்காகக்கூட நடக்காத வேகத்தில் நடந்தாள்.

காளியாயி யார் என்று இன்னும் சொல்லவில்லையே. முத்துலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், மூன்றாம் மடுவத்துக் கொழுந்துக்காரி, கொழும்பில் கட்டிக்கொடுத்த ஒரு மகளுக்குத் தாய், இரண்டு வயதுப் பேரனுக்கு அம்மம்மா. கணவன் சொல்லுகிற காரணங்களை அவள் எதிர்த்துப் பேசியதில்லை. கேட்டதுமில்லை. இருபத்தாறு வருடக் குடும்பம் சண்டையில்லாமல் நடந்ததற்கு அதுதான் இரகசியம்.

வியாழக்கிழமை காலை பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற அந்த நேரத்தில், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "காளியாயி, நீ இனி மேல் மலைக்கு ஏற வேணாம். ரோட்டோரமா மட்டமான எடத்துல எடு" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மட்டமான நிரை கிடைத்ததே என்று போனாள். அங்கே ஒருத்தி அவள் முதுகிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினாள். மூன்றாமவள் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது மணிக்கு அம்மாக்கண்ணு வந்து, மருமகளுக்குக் கிடைத்த திரிபோஷா சத்துமாப் பைக்கட்டில் ஒன்றை அவள் மடியில் வைத்தாள்.

"நீ சாப்பிடு தாயி. அவளுக்கு இன்னொண்ணு இருக்கு. நாப்பத்தெட்டுல இது சின்ன விசயமா? மூணு மாசமா மறைச்சு வச்சிருக்கியே, நாங்க என்னா கண்ணா வச்சிருவோம்?"

காளியாயி பைக்கட்டைப் பார்த்தாள். அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள்.

"இத யாருடி சொன்னது?"

"ஒன் வீட்டுக்காரருதான். மிஸ்கிட்ட அவரு வாயாலயே சொன்னாரே. அடிவயிறு வலிக்குதாம், ஒண்ணுக்கு அடிக்கடி போகுதாம், மூணு மாசமாம்."

அந்த நேரம் பார்த்துக் காளியாயியின் போன் அடித்தது. கொழும்பிலிருந்து மகள். "அம்மா, இங்க மாமியா வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்று அழுதாள். இரயில்கூடத் தாமதமாக வருகிற தோட்டத்திலிருந்து, இந்தச் செய்தி மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் கொழும்புக்குப் போனது என்று கேட்காதீர்கள்.

காளியாயி போனை மடியில் போட்டாள். யோசித்தாள். திங்கட்கிழமையிலிருந்து இராத்திரியெல்லாம் லயத்துக் காம்பராவின் வாசற்கதவு கிரீச்சிட்டதை யோசித்தாள். தேத்தண்ணியை வேண்டாமென்று தள்ளியதை யோசித்தாள். ஈரச் சாக்கையும் யோசித்தாள். காரணம் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காதவளுக்கும் காரணம் சொல்லத் தெரியும் போலிருக்கிறது.

மத்தியான நிறுவைக்கு லொறி மூன்றாம் மடுவத்துக்கு வந்தபோது முத்துலிங்கத்தின் நிலைமை சொல்லும்படியாக இல்லை. டர்பன்டைன் மரத்தில் நிற்க நினைத்திருந்தார். அங்கே தோட்டத்து வெளிக்கள அதிகாரி ஐயாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. அடக்கிக்கொண்டு வந்துவிட்டார். லொறியிலிருந்து குதித்து, மடுவத்துக்குப் பின்னால் மரங்கள் இருக்கிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்து விரைந்தார். பாதையில் காளியாயி நின்றாள், இடுப்பில் கை, கையில் திரிபோஷா பைக்கட்டு.

"கொஞ்சம் தள்ளிக்க புள்ள, அவசரம்."

"தள்ளுறேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அடிவயிறு வலி யாருக்கு?"

நாற்பது பெண்களும் நிறுவையை மறந்து திரும்பினார்கள். முத்துலிங்கம் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார்.

"அது வந்து... இந்த வயசுல வாயுனு ஒண்ணு..."

"வாயு இருக்கட்டும். யாருக்கு?"

"பனி ஜாஸ்தியா இருந்தா, குளிருல..."

"யாருக்குங்க?"

கால்கள் பின்னிக்கொண்டன. சாவிக்கொத்து கையிலிருந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. அவருடைய பெயர், புகழ், பதினொரு வருட கிளினிக் எல்லாம் ஒரு பக்கம். மடுவத்துக்குப் பின்னால் நிற்கிற மரம் மறு பக்கம். நல்ல மனிதர்கள் இப்படிப்பட்ட சோதனையில் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? முத்துலிங்கம் மேலும் எட்டு வினாடி தாக்குப்பிடித்தார்.

"எனக்குத்தான் புள்ள! எனக்குத்தான்! ஏன் வருதுன்னே தெரியாது! வழிய விடு!"

'தெரியாது' வந்துவிட்டது. கழுத்தை நெரித்தாலும் வராத சொல், வேறொரு இடத்தை நெரித்ததும் வந்துவிட்டது. காளியாயி வழியை விட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது கிளினிக் களைகட்டியிருந்தது. நாற்பது பேரும் டொக்டர்கள், நோயாளி ஒருவர்தான்.

"நேத்து என்னா சாப்பிட்டீங்கண்ணே?"

"ரொட்டி."

"அதான்!"

"சீமெந்துப் படியில உக்காந்தீங்களா?"

"இல்ல."

"அதான்!"

"போன எந்தப் பாக்கெட்டுல வச்சிருக்கீங்க?"

"கண்ணூறா இருக்கும். பக்கத்துத் தோட்டத்து டிரைவருக்கு நம்ம லொறி மேல ஒரு கண்ணு."

சின்னராசாகூட ஒரு சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, "எஞ்சின் சூடுண்ணே" என்றார். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. முத்துலிங்கம் மட்காட்டில் கால் வைக்காமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கு ஒரு தடவ அடக்குனதுக்கே ஒங்களுக்கு இப்படி இருக்கு. ஒங்களுக்காவது ஓடுறதுக்கு ஒரு மரமிருக்கு. நாங்க எங்க ஓடுறது? அன்னைக்கு நான் சொன்னேனே, அதெல்லாம் ஒரு காரணமானு கேட்டீங்க."

முத்துலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வலிக்காக இல்லை, இதற்காக. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

மறுநாள் காளியாயி அவரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரிபோஷா பைக்கட்டை அம்மாக்கண்ணுவின் மருமகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். கவுண்டரில் நீட்டிய போத்தலை வாங்கிக்கொண்டு போன முத்துலிங்கம், நாலு நாள் ஓயாமல் ஓடியவர், அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. தேவைப்படாத இடத்தில் எல்லாம் வந்தது, கேட்கிற இடத்தில் வரமாட்டேன் என்றது. காளியாயி வெளியே நின்று குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்கவைத்தாள். அப்புறம்தான் போத்தல் நிறைந்தது.

டொக்டர் யசோதினி யாழ்ப்பாணத்துக்காரர், இளம் பெண், சிரித்த முகம்.

"சலம் போகேக்குள்ள எரியுதோ ஐயா?"

"எரியுதுங்க."

"காய்ச்சல், நடுக்கம், இடுப்புக்குப் பின்னால நோவு?"

"இல்லீங்க டொக்டர். இது பாருங்க, லொறி சீட்டு சூடு..."

"தண்ணி எவ்வளவு குடிக்கிறனீங்கள்?"

முத்துலிங்கம் தன் டாங்கித் தத்துவத்தை விளக்கினார். டொக்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். சிரிக்காமல் இருக்கத்தான் பேனாவைக் கடித்தார் என்று காளியாயி பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"அப்ப என்னா காரணம் டொக்டர்?" என்று முத்துலிங்கம் கேட்டார். கேட்டுவிட்டு, சக வைத்தியர் ஒருவருடைய கருத்தை அறியும் ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

"தெரியாது" என்றார் டொக்டர்.

முத்துலிங்கம் உட்கார்ந்திருந்த கதிரையிலேயே ஒரு குலுங்கு குலுங்கினார். ஸ்டெதஸ்கோப் போட்ட ஒருவர், மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, வெட்கமே இல்லாமல், சிரித்த முகத்தோடு சொல்லுகிறார்!

"கிருமியாயும் இருக்கலாம், கல்லாயும் இருக்கலாம், உடம்பில சீனி கூடியிருக்கோ எண்டும் பாக்க வேணும். உங்கட வயசில ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி வீங்கிறதும் உண்டு. சலத்தையும் இரத்தத்தையும் சோதிக்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது? சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் நல்லாத் தண்ணி குடியுங்கோ, அடக்கி வைக்காதையுங்கோ."

வெளியே வந்ததும் முத்துலிங்கம் மனைவியின் காதில், "படிச்ச புள்ள, ஆனா பாவம், ஒண்ணும் தெரியல" என்றார்.

"நீங்க சொல்ற கல்லும் சீனியும் அந்த லிஸ்டுல இருந்துச்சே. அவுங்க பாத்துட்டுச் சொல்றேங்கிறாங்க, நீங்க பாக்காம சொல்றீங்க. வித்தியாசம் அவ்வளவுதான்" என்றாள் காளியாயி. இருபத்தாறு வருடத்தில் சேர்த்து வைத்த பேச்சு இனிமேல்தான் வரும் போலிருந்தது.

சிறுநீரில் கிருமி இருந்தது. சீனி இல்லை. ஒரு வாரம் மாத்திரை போட்டார், எரிச்சலும் வலியும் போய்விட்டன. ஆம்பிளைகளுக்கு அது சும்மா வருவதில்லை, ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும் என்று டொக்டர் ஸ்கேனுக்கு ஒரு திகதி எழுதிக் கொடுத்திருக்கிறார். முத்துலிங்கம் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இப்போது ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறார், தேத்தண்ணியும் குடிக்கிறார். எல்லாம் சரி.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் மடுவத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். நாற்பத்தோராவது கையெழுத்து முத்துலிங்கத்தினுடையது. ஆபீஸிலிருந்து பதில் வந்தது. சரிவான நிலம், தண்ணீர் வசதி இல்லை, மழைக்காலம், மேலிடத்து அனுமதி, இந்த வருட மதிப்பீட்டில் இடமில்லை என்று முடியாததற்கு ஐந்து காரணம் இருந்தது. அம்மாக்கண்ணு அந்தக் கடிதத்தை மடுவத்தில் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அதான்!" என்றாள். காரணஞ்சொல்லிகள் லயத்தில் மட்டும் பிறப்பதில்லை. அடுத்த கடிதத்தில் பக்கத்து மடுவத்துக்காரிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முத்துலிங்கம் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். போன வாரம் லொறியில் வரும்போது சின்னராசா, "அண்ணே, குதிக்கால் வலிக்குது" என்றார். முத்துலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நெற்றியில் வியர்த்தது.

"தெரியல சின்னராசா. ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டு."

லொறி ஒரு வளைவு திரும்பியது. டர்பன்டைன் மரத்தையும் தாண்டியது. இரண்டாவது வளைவில் முத்துலிங்கத்தின் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"ஆனா... நேத்து பீலித் தண்ணியில வெறுங்காலோட நின்னியா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரித்தால் உடம்புக்கு நல்லதாம், அதற்கும் ஒருவர் காரணம் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அந்த லொறி முதல் தடவை மரத்தடியில் நின்றபோதே, போத்தலையும் பார்க்காமல், ரிப்போர்ட்டும் வராமல், மனுஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஐம்பது தாண்டின ஆம்பிளைதானே, இது இன்னதுதான்" என்று உங்களுக்குள் ஒருவர் இடது கண்ணை மூடிக்கொண்டு தீர்மானித்தாரா இல்லையா? உங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத் திரும்பினீர்களா இல்லையா?

அதான்!